ஹெரான் தீவில் பாட்டி வீட்டு மரம்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பின்பக்க வேலியோரம் ஒரு லச்சக்கொட்டைக் கீரை மரம் நிற்கிறது. மஞ்சள் கலந்த இளம்பச்சை இலை. பாட்டி அதைப் பறித்துப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பார். மூட்டு வலிக்கு நல்லது என்பார். கொம்பை ஒடித்து நட்டால் வந்துவிடும். அந்த மரம் பூத்தோ காய்த்தோ நான் பார்த்ததில்லை.

2024 அக்டோபர் முதல் வாரத்தில், ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டோன் துறைமுகத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கும் ஹெரான் தீவில் களப் பாடத்துக்காகப் போய் இறங்கினேன். அங்கே அதே மரம் தீவு முழுக்கக் காடாக நின்றது. எங்கள் வேலியோரத்து மரத்தைவிடப் பல மடங்கு பருமன், கரும்பச்சை இலை. பாடம் நடத்த வந்தவர் அதன் பெயரைச் சொன்னார்: பிசோனியா கிராண்டிஸ். கல்லூரியில் தாவரப் பட்டியல் எழுதியபோது எங்கள் வீட்டுக் கீரைக்கு நான் எழுதிய அதே பெயர்.

அவர் மேலும் சொன்னார். நாடி என்று அவர்கள் அழைக்கும் கருநிற ஆலாக்கள் இந்த மரத்தின் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, எச்சத்தால் ஒட்டிக் கூடு கட்டுகின்றன. மரம் காய்க்கும்போது விதைகள் பிசினாக ஒட்டும். உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டால் பறவையால் சிறகை விரிக்க முடியாது, மரத்தடியிலேயே செத்துப்போகும். உயிர் தப்பிய பறவைதான் விதையை அடுத்த தீவுக்குக் கொண்டுபோகிறது. நான் கையை உயர்த்தி, "இதை எங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிடுவோம்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்படிச் சமைப்பீர்கள், யார் சமைப்பார், உங்கள் ஊரில் இது காய்க்குமா என்று கேள்விகள் வந்தன. பத்து நிமிடம் பேசியிருப்பேன். ஜூலையில் அதே வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான்.

ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள் என்று தெரிந்தால் விசா, வாடகை, வேலை இந்த மூன்றைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அவற்றையும் சொல்கிறேன், தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் எனக்குச் சொல்ல இருப்பது வேறு. என் தாத்தா சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக் கடலுக்குள் முங்கி, சங்கு பொறுக்கிப் பிழைத்தவர். அவருடைய பேத்தி நான், கடல் உயிரியல் படித்தவள், இருபத்திரண்டு வயது வரை கடலுக்குள் ஒரு முறைகூடத் தலையை முக்கிப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை. கடலைப் பார்க்க நான் பிரிஸ்பேனுக்குப் போக வேண்டியிருந்தது.

முதலில் போன விதம். இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாமே முழுக் கட்டணம் கட்டி ஒன்றிரண்டு செமஸ்டர் படிக்கும் 'ஸ்டடி அப்ராட்'. இன்னொன்று, நாம் படிக்கும் நிறுவனமும் அந்தப் பல்கலைக்கழகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி போகும் 'எக்ஸ்சேஞ்ச்'. இரண்டாவதில் கல்விக் கட்டணத்தை நம் ஊரிலேயே வழக்கம்போலக் கட்டினால் போதும், அங்கே தங்கிச் சாப்பிடும் செலவும் பயணச் செலவும் மட்டும் நம்முடையவை. நான் இரண்டாவது வழியில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்குப் போனேன். முதல் வழி என்றால் அப்பாவால் நினைத்தே பார்த்திருக்க முடியாது. அவர் விசைப்படகு என்ஜின் மெக்கானிக்.

விசா விண்ணப்பத்தை ஜூன் மாதம் அனுப்பினேன். அப்போது கட்டணம் 710 ஆஸ்திரேலிய டாலர். ஜூலை 1 அன்று அது 1,600 ஆனது. மூன்று வாரம் தாமதித்திருந்தால் அவ்வளவையும் கட்டியிருக்க வேண்டும். ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும் என்று அந்த மே மாதம்தான் உயர்த்தியிருந்தார்கள். அரை ஆண்டுக்குப் போகிறவர் அதற்குத் தக்க பங்கைக் காட்டினால் போதும். அந்தப் பங்குக்கே சித்தப்பா தன் வைப்புநிதியை எனக்காக முடக்கினார். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த ஊர், முடித்ததும் என்ன செய்வாய் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பதில்களை எடுத்துப் போடாதீர்கள். நான் என் ஊர்க் கடலைப் பற்றி எழுதினேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன, பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன, மிச்சத்தைக் காப்பது எப்படி என்று படிக்க வருகிறேன் என்று எழுதினேன்.

விமானத்தில் ஓர் அட்டை தருவார்கள். உணவு, விதை, இலை, மரப்பொருள் ஏதாவது கொண்டுவருகிறாயா என்று அதில் கேட்டிருக்கும். இருந்தால், சந்தேகமாக இருந்தாலும்கூட, 'ஆம்' என்று போடுங்கள். அறிவித்துவிட்டால் தண்டம் கிடையாது, மறைத்தால்தான் பெரிய தொகை. அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியையும் புளியையும் அதிகாரி பிரித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துவிட்டார். "மன்னிக்கணும், இதற்கு அனுமதி இல்லை" என்று அவர் தன்மையாகச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா விடியற்காலையில் எழுந்து பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த இலை அது.

பல்கலைக்கழகம் இருக்கும் செயின்ட் லூசியாவை பிரிஸ்பேன் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. நடுவில் மணற்கல்லில் கட்டிய பெரிய முற்றம். ஆனால் என்னை முதலில் கவர்ந்தவை பறவைகள்தான். நம் ஊரில் வேடந்தாங்கலுக்குப் போய்த் தொலைநோக்கி வைத்துப் பார்க்கும் அரிவாள் மூக்கனின் நெருங்கிய சொந்தம் ஒன்று அங்கே குப்பைத் தொட்டிக்குள் மூக்கை விட்டுக் கிளறும். புல்வெளியில் ஆட்காட்டிக் குருவியின் இனம் ஒன்று, மஞ்சள் முகத்தோடு, கிட்டே போனால் கத்தும். ஏரிக்கரையில் முழம் நீளத்துக்கு ஓணான்கள் வெயில் காயும். யாரும் கல்லெடுத்து எறிவதில்லை. ஆகஸ்டில் கூடு கட்டும் மேக்பை பறவை தலையில் கொத்த வரும். சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் குச்சிகளை முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு போவார்கள், பறவையை யாரும் விரட்டுவதில்லை. முதல் வாரத் தனிமையில் மதியச் சாப்பாட்டை இந்த உயிர்களோடுதான் சாப்பிட்டேன்.

வகுப்பு எனக்குப் பெரிய அதிர்ச்சி. விரிவுரைக்கு வரத் தேவையே இல்லை, எல்லாம் பதிவாகி இணையத்தில் வந்துவிடும். ஆனால் டுட்டோரியல் என்று ஒன்று உண்டு. இருபது பேர் வட்டமாக உட்கார வேண்டும். முந்தைய வாரமே ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தந்திருப்பார்கள். டியூட்டர் வந்து அதில் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு, "இதில் என்ன தப்பு?" என்று கேட்பார். அச்சில் வந்த கட்டுரையில், பெரிய பெரிய ஆட்கள் எழுதியதில் தப்பு இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. படித்து மனப்பாடம் செய்து எழுத வேண்டியது அது என்றுதான் எனக்குத் தெரியும். அங்கே பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எல்லாம் "மாதிரிகள் குறைவு", "இரண்டு பருவத்தைக் கலந்துவிட்டார்கள்" என்று அடித்துப் பேசினார்கள். பேசியதில் பாதி தவறு. டியூட்டர் அதையும் பொறுமையாகக் கேட்டார். பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. நான் முதல் நான்கு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆங்கிலம் தெரியாததால் அல்ல. பெரியவர் முன்னால், அதுவும் சரியாகத் தெரியாத விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று வளர்ந்தவள். மின்னஞ்சலில் 'மரியாதைக்குரிய மேடம்' என்று தொடங்கி எழுதுவேன். பதிலில் அவர் தன் பெயரை மட்டும் போட்டு, "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு" என்பார். அம்மா வயதுள்ளவரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? கடைசி வரை எனக்கு வரவில்லை. பெயரைத் தவிர்த்துவிட்டு 'ஹலோ' என்று மட்டும் எழுதப் பழகினேன்.

அங்கே மதிப்பெண் 1 முதல் 7 வரை. 4 என்றால் தேர்ச்சி, 7 தான் உச்சம். என் முதல் அசைன்மென்டுக்கு 4 வந்தது. சொந்த ஊரில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவள். பக்கத்தில் குறிப்பு: "நீ படித்ததை நன்றாகத் தொகுத்திருக்கிறாய். நீ என்ன நினைக்கிறாய் என்பது எங்கே?" அந்த வரியை அன்று இரவு எத்தனை முறை படித்தேனோ. கோபம்தான் முதலில் வந்தது. நான் நினைப்பதை யார் இதுவரை கேட்டார்கள்?

ஐந்தாவது வாரம் மீன்வளம் பற்றிய கட்டுரை. முங்கிப் பிடிக்கும் தொழிலில் ஒரு இடத்தில் சங்கு குறைகிறதா என்பதை எப்படி அளப்பது என்று பேச்சு வந்தது. டியூட்டர் என்னைப் பார்த்து, "உன் ஊர் கடற்கரைதானே, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். என் தாத்தா சங்கு குளித்தவர் என்று சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், இடத்தை எப்படி அடையாளம் வைப்பார்? எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பனிமய மாதா கோயில் கோபுரத்தையும் இன்னொரு உயரமான கட்டடத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து இடம் பிடிப்பார் என்று சொன்னேன். கடலடியில் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர், ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு என்றேன். என்னென்ன பெயர் என்று கேட்டார். ஒன்றே ஒன்றுதான் நினைவு வந்தது: தோலாயிரம் பார். "மற்றவை?" என்றார். தெரியாது என்றேன். "பரவாயில்லை. கேட்டுக்கொண்டு வா" என்றார்.

அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்து எனக்குள் ஓடியதை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று ஆண்டு கடல் உயிரியல் படித்தேன். ஒரு தேர்விலும் என் தாத்தாவுக்குத் தெரிந்த எதையும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து கொண்டல், கச்சான், வாடை என்று காற்றையும் நீவாடு என்று நீரோட்டத்தையும் பேசும்போது நான் உள்ளே ஆங்கிலப் புத்தகத்தில் நீரோட்டம் படித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே பல வகுப்புகள் ஒரு வாசகத்தோடு தொடங்கும். இந்த நிலம் யகரா, துர்ரபல் மக்களுடையது, அவர்களுடைய முன்னோர்களுக்கு வணக்கம் என்று. பிரிஸ்பேனுக்கு மீஞ்சின் என்ற பழைய பெயரும் வழங்குகிறது. முதலில் இது ஏதோ சடங்கு என்று நினைத்தேன். பிறகு குவாண்டமூக்கா பழங்குடி மக்கள் பிரிஸ்பேனை அடுத்த மிஞ்ஜெரிபா தீவின் கடலை எப்படிப் பார்த்தார்கள், எந்த மரம் பூத்தால் எந்த மீன் வரும் என்பது போன்ற அவர்களுடைய அறிவு பாடமாகவே வந்தது. அந்தத் தீவில் அவர்களுடைய உரிமையை 2011இல் நீதிமன்றம் ஏற்றது. அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும்: நான் போவதற்கு முந்தைய ஆண்டு, 2023 அக்டோபர் 14 அன்று, பழங்குடி மக்களுக்கு நாடாளுமன்றத்திடம் கருத்துச் சொல்லும் ஓர் அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுக்க 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 68 சதவீதம். வகுப்பில் தினமும் வணங்கப்படும் மக்களுக்கு வாக்குச்சாவடியில் கிடைத்த பதில் அது. என் வகுப்பில் ஒரு பழங்குடிப் பெண் இருந்தாள். அந்த நாளைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். நானும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பாடம் பாடத்திட்டத்தில் இருந்தது, அது முக்கியம் என்றே நினைக்கிறேன். என் தாத்தாவுக்கு அந்த இடம்கூட இல்லை.

சரி, வாடகைக்கும் வேலைக்கும் வருகிறேன். வாடகை அங்கே வாரக் கணக்கு. நான்கு பேர் பகிர்ந்த வீட்டில் என் அறைக்கு வாரம் 260 டாலர். நான்கு வார வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். குயின்ஸ்லாந்தில் அந்த முன்பணத்தை வீட்டுக்காரர் பத்து நாளுக்குள் அரசின் வாடகைக் குடியிருப்பு ஆணையத்தில் கட்டியாக வேண்டும். எனக்கு வீடு கொடுத்தவர் கையில் பணமாக வாங்கிக்கொண்டு ரசீதும் தரவில்லை, எங்கும் கட்டவும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே வாழும் ஒரு அக்காதான், "அவரிட்ட எழுத்தில கேளுங்கோ, விடாதேங்கோ" என்று தைரியம் சொன்னார். எழுத்தில் கேட்ட மறுவாரமே கட்டிவிட்டார். கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். கொடுக்க நேர்ந்தால் ரசீது இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

வேலையும் அப்படித்தான். படிப்பு நடக்கும்போது மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். 2024 ஜூலையில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.10 டாலராக இருந்தது, நிரந்தரமில்லாத வேலை என்றால் அதோடு 25 சதவீதம் கூட. நான் முதலில் சேர்ந்த உணவகத்தில் மணிக்கு 15 டாலர், அதுவும் கையில். கேட்டால், "உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்றார் நம் நாட்டுக்காரரே. புகார் செய்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஆறு வாரம் பாத்திரம் கழுவினேன். விசாவில் இருப்பவருக்கும் சட்டம் தரும் சம்பளம் ஒன்றுதான், அதைக் கேட்க அரசு அலுவலகமும் உண்டு என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பின்னால் வளாகத்து நூலகத்திலேயே வேலை கிடைத்தது. அந்த ஆறு வாரக் கோபம் இன்னும் போகவில்லை, அது போகவும் வேண்டாம்.

நல்லதும் நடந்தது. ஆகஸ்ட் 5 முதல் குயின்ஸ்லாந்தின் நகரப் பொதுப் போக்குவரத்தில் பஸ், ரயில், படகு எல்லாவற்றுக்கும் எவ்வளவு தூரம் போனாலும் 50 சென்ட் என்று ஆக்கினார்கள். ஆறு மாதச் சோதனை என்று தொடங்கியது, அப்புறம் நிரந்தரமே ஆகிவிட்டது. என் மாதிரி மாணவர்களுக்கு அது என்ன தந்தது என்பதைக் கணக்கில் சொல்ல முடியாது. சனிக்கிழமை மாலை வளாகத்துப் படகுத்துறையில் ஏறினால் ஆற்றின் மறுகோடி வரை 50 சென்டில் போகலாம். பாலங்களுக்குக் கீழே, நகர விளக்குகளுக்கு நடுவே, காற்று வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டு. அப்படி ஒரு மாலையில்தான் தாத்தாவிடம் முதல் முறையாகப் பார்களின் பெயரைக் கேட்டேன். "எதுக்குட்டி இப்ப?" என்றார். பரீட்சைக்கு என்றேன். "பரீட்சைல கேக்காவளா?" என்று நம்பாமல் திரும்பக் கேட்டார்.

நீச்சலைச் சொல்லாமல் தீவுக்குப் போக முடியாது. களப் பாடத்துக்குப் போக வேண்டுமென்றால் மருத்துவப் படிவம் கொடுக்க வேண்டும், நீந்திக் காட்ட வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னதும் பாட ஒருங்கிணைப்பாளர் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். "எட்டு வாரம் இருக்கிறது" என்றார். வளாகத்திலேயே 50 மீட்டர் குளம். பெண்களுக்கான தொடக்க வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு ஒரு சீனப் பாட்டியும், தலைத்துணி அணிந்த ஒரு மலேசியப் பெண்ணும். உடம்பை மறைக்கும் நீச்சல் உடையை அவள்தான் எங்கே வாங்கலாம் என்று காட்டினாள். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் படியில் நின்றபோது கால் நடுங்கியது குளிரால் மட்டும் அல்ல. மூக்கில் தண்ணீர், கண்ணில் எரிச்சல், மூன்று வாரம் பலகையைப் பிடித்துக்கொண்டு உதைத்தது மட்டும்தான். நான்காவது வாரத்தில் ஒரு நாள் உடம்பு தானாக மிதந்தது. முகம் தண்ணீருக்குள், காதில் சத்தம் அடங்கி, கீழே நீலக் கட்டங்கள். தாத்தா இப்படித்தான் இருந்திருப்பாரா என்று அங்கேயே நினைத்தேன். அவருக்கு மேலே காற்றும் கயிறும், கீழே சுறா பயமும் இருந்திருக்கும்.

செமஸ்டர் நடுவில் ரயிலில் கிளாட்ஸ்டோன் போனோம். ஊருக்குள் ஒரு வழிப்பலகையில் பிலோயலா என்று அம்புக்குறி போட்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அங்கிருந்துதான் அடைக்கலம் கேட்டிருந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றைக் குழந்தைகளோடு அதிகாரிகள் தடுப்புக்காவலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சிறு ஊர் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வாங்கி, தெருவில் நின்று, நீதிமன்றம் ஏறி, நான்கு ஆண்டுக்குப் பிறகு 2022 ஜூனில் அவர்களைத் திரும்பத் தங்கள் ஊருக்கே அழைத்துவந்தது. அதை உடன் வந்த ஆஸ்திரேலியப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருத்தி, "என் அம்மாவும் அதற்குக் கையெழுத்துப் போட்டார்" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். அன்று முழுக்க அவள் என் பக்கத்திலேயே இருந்தாள்.

படகு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அலையில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது. தீவுக்குள் நுழையும் வாய்க்காலோரம் துருப்பிடித்த ஒரு பழைய போர்க்கப்பல் அலைத்தடுப்பாகக் கிடக்கிறது. தீவு மொத்தமே 800 மீட்டர் நீளம், நிதானமாக நடந்தால் முக்கால் மணியில் சுற்றிவிடலாம். 1920களில் இங்கே ஆமைகளைப் பிடித்து சூப் செய்து டப்பாவில் அடைத்தார்கள். இன்று முட்டையிட வரும் அதே ஆமைக்கு யாரும் விளக்கைக்கூட அடிக்கக் கூடாது. நாங்கள் பேராமை என்று சொல்லும் ஆமைதான் அது. தூத்துக்குடியில் ஒரு காலத்தில் அதன் ரத்தத்தைக் குடித்ததாகத் தாத்தா சொல்வார். இரண்டு கரையிலும் ஒரே பாவம்தான். ஆராய்ச்சி நிலையம் 1951இல் தொடங்கியது. இரவில் தரைக்குள் வளை தோண்டும் ஒரு கடற்பறவை அழும். குழந்தை அழுவது போலவே இருக்கும். முதல் இரவு யாரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் ஒரு கணம் மூச்சு நின்றுவிட்டது. கிளை கிளையாக, தட்டுத் தட்டாக, மூளை போலச் சுருண்டு, பவளம். கிளி மீன் பாறையைக் கடிக்கும் சத்தம் காதில் கேட்டது. கறுக்முறுக் என்று, முறுக்கு கடிப்பது மாதிரி. மணல் திட்டில் கடல் அட்டைகள் எண்ண முடியாத அளவு கிடந்தன. எங்கள் ஊர்ப்பக்கம் திருட்டுத்தனமாகக் கடத்தப்படும் உயிர். இங்கே காலடியில் கிடந்தன, யாரும் தொடவில்லை. மாஸ்க்குக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் எல்லாம் அழகு என்று எழுதினால் பொய். ஹெரான் தீவும் சேர்ந்த கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப் பெருந்திட்டுகளில், 2016 முதல் கணக்கிட்டால் ஐந்தாவது பெரும் வெளிறல் 2024 கோடையில் நடந்தது. 2016, 2017, 2020, 2022 என்று முன்பே நான்கு. 2016இலும் 2017இலும் தெற்குப் பகுதி பெரும்பாலும் தப்பியிருந்தது, இந்த முறை அதுவும் கடுமையாக அடிபட்டது. தண்ணீர் சூடாகும்போது பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் அதுதான், உணவில் பெரும்பங்கும் அதுதான். அது போனால் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் மீளலாம், நீடித்தால் சாகும். நான் போனபோது வெள்ளைக் கட்டம் தாண்டிவிட்டது. செத்த கிளைகளின் மேல் பழுப்புப் பாசி படிந்து, தூரத்திலிருந்து உயிருள்ளவை போலவே தெரிந்தன. கிட்டே போனால்தான் தெரியும். எங்கள் வேலை அந்தக் கிட்டே போவதுதான். 50 மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே உள்ள ஒவ்வொன்றையும் உயிர், சாவு, மணல், பாசி என்று குறிப்பது. ஐந்து நாள், காலை மாலை. விரல் நுனி சுருங்கி வெளுத்துவிடும். இரவு உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஒருத்தர் எண்ணிக்கை இன்னொருவரோடு ஒத்துப்போகாது. ஏன் என்று சண்டை போடுவோம். நானும் போட்டேன், அவர்கள் எண்ணியது தவறு என்று சொன்னேன். அடுத்த நாள் திரும்பப் போய் எண்ணினோம். அதில் இரண்டு இடத்தில் நான்தான் தவறு. அந்தத் தவறைச் சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

எங்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. கோரல் வாட்ச் என்று குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டத்தின் அட்டை. ஓரங்களில் நிறக் கட்டங்கள், ஒவ்வொரு வரிசையிலும் 1 முதல் 6 வரை. 1 கிட்டத்தட்ட வெள்ளை, 6 அடர்ந்த நிறம். பவளத்தின் பக்கத்தில் அட்டையைப் பிடித்து எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று குறித்தால் போதும். கருவி வேண்டாம், பட்டம் வேண்டாம், எந்தக் கடலிலும் யாரும் செய்யலாம். கிளம்பும்போது ஒன்று கேட்டேன், இரண்டு தந்தார்கள்.

திரும்பி வந்தபோது பிரிஸ்பேன் முழுக்க ஜகரண்டா பூத்துத் தெரு ஊதாவாகக் கிடந்தது. அந்தப் பூ வந்தால் பரீட்சை வந்துவிட்டது என்று அர்த்தம். களப் பாடத்துக்கு எனக்கு 6 வந்தது. அறிக்கையின் கடைசிப் பகுதியில், மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்களின் நினைவை எப்படித் தரவாகச் சேர்க்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஊர் வந்த பிறகு அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட்டை ஏற்றுக்கொள்ள இங்கே மறுத்தார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு இணையான பாடம் இல்லையாம். ஏழு மாதம் கடிதம் எழுதி, ஒரு தேர்வைத் திரும்ப எழுதித்தான் முடிந்தது. போக நினைப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பாட்டி கீரைக் கூட்டு வைத்தார். தாத்தா திண்ணையில் இருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். குடமுத்துப் பார், பாசிப் பார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்தக் காற்றில் எங்கே போகலாம், எங்கே தண்ணீர் கலங்கும், எங்கே சங்கு படுக்கும். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஒரு பெயரை இரண்டு முறை திருத்தினார்.

அப்புறம் அந்த அட்டையை அவர் கையில் கொடுத்து, "நீங்க முங்கும்போது தீவுப்பக்கம் பவளம் எந்த நிறத்துல இருந்துச்சு தாத்தா?" என்றேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விரல் ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கட்டத்திலேயே போய் நின்றது. அடர்ந்த பழுப்பு, அடர்ந்த பச்சை. பிறகு முதல் கட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, வெள்ளைய எதுக்கு இதுல போட்டுருக்காவ? வெட்டிக் கரைக்குக் கொண்டாந்து காயப் போட்டாத்தான அது வெள்ளையாவும்?"